ஜெய்சல்மர் குவார்ட்டர்ஸ்: வெயிலை விடுங்கள், குளிர்காலத்துக்குத் தயாராகுங்கள்

கேள்வி இதுதான்: "கணவர் ராணுவத்தில் நாயக். யூனிட் ஜெய்சல்மருக்கு வந்திருக்கிறது, குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டது. பையன் இரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறான், சின்னவள் இன்னும் பள்ளியில் சேரவில்லை. எனக்கு இந்தி தெரியாது. அந்தப் பாலைவனத்து வெயிலில் போய் என்ன செய்வது, பேச்சுத் துணைக்காவது ஆள் இருக்குமா? ஊரிலேயே மாமியாரோடு இருந்துவிடலாமா?"

போங்கள் தங்கச்சி. பையன் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இந்த வயதுப் பிள்ளைகளோடு குடும்பமாக இருக்கக் கிடைக்கும் இரண்டு மூன்று வருடத்தை விடக்கூடாது. அடுத்தது ஃபீல்டு போஸ்டிங் வந்தால் எப்படியும் நீங்கள் ஊரில்தான் இருக்கப் போகிறீர்கள். என் வீட்டுக்காரர் சுபேதாராக ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்து ஸ்டேஷன் வாழ்க்கை எனக்குப் பழக்கம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எல்லாரும் வெயிலைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். அது உண்மைதான், மே மாதம் 45 டிகிரிக்கு மேல் போகும். ஆனால் வெயில் காலத்தில் கணவர் பெரும்பாலும் வீட்டில் இருப்பார். குளிர்காலத்தில் இருக்க மாட்டார். பாலைவனத்தில் படைகளின் பெரிய பயிற்சிகள் பெரும்பாலும் நவம்பரில் இருந்து பிப்ரவரி வரைதான். ஊர் அழகாக இருக்கும், சுற்றுலாப் பயணிகள் வந்து குவிவார்கள், உங்கள் வீட்டுக்காரர் மட்டும் பொக்ரான் பக்கமோ மகாஜன் பக்கமோ சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் கூடாரத்தில் இருப்பார். நீங்கள் தயாராக வேண்டியது அதற்குத்தான்.

ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்றால், ஊரை விட்டுத் தள்ளி, மதில் போட்ட தனி ஊர். கேட்டில் கார்டு காட்டித்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே குவார்ட்டர்ஸ் வரிசை, யூனிட் லைன், கேண்டீன், எம்.ஐ. ரூம் (சின்ன வைத்தியத்துக்கான மருத்துவ அறை), விளையாட்டு மைதானம், கோயில், பார்க், காய்கறிக் கடை, பிள்ளைகளை ஏற்றிப் போக பஸ். குழாய் ஒழுகினாலும் கரண்ட் போனாலும் கட்டடம், தண்ணீர், கரண்ட் பார்க்கிற எம்.இ.எஸ். ஆபீஸில் புகார்ப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். நீங்களே போய் எழுதுங்கள், கணவருக்காகக் காத்திருந்தால் குழாய் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். சமையல் சாமான், சோப்பு, மிக்ஸி, பிரஷர் குக்கர் எல்லாம் கேண்டீனில் மலிவு. இந்தக் கேண்டீன்களுக்குச் சாமான் கொடுக்கும், 1948ல் தொடங்கிய சி.எஸ்.டி. என்ற துறைக்கு ஜிஎஸ்டியில் பாதி சலுகை உண்டு, அதனால்தான் அந்த விலை. (ரம் கோட்டாவைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. லீவில் ஊருக்குப் போகும்போது சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் அவர்களாகவே ஞாபகப்படுத்துவார்கள்.)

வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் மதியம் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். விடியற்காலையிலேயே வாளிகளில் பிடித்து வைத்துவிடுவோம், குளிப்பது அதில்தான். தண்ணீர் நேரம் வைத்துத்தான் விடுவார்கள், உப்பும் அதிகம். கூலர் வாங்கிக்கொள்ளுங்கள். வறண்ட வெயிலுக்கு அதைப் போல் ஒன்று இல்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் காற்றில் ஈரம் ஏறியதும் அதே கூலர் வீட்டைப் புழுக்கமாக்கிவிடும். தண்ணீரை மாற்றாமல் விட்டால் கொசு முட்டையிடும். மணல் காற்று வரும் நாளில் மேற்கு வானம் முதலில் பழுப்பாகும், காற்று ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடும். அதற்குள் கொடியில் இருக்கும் துணியை எடுத்து, ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் ஈரச் சாக்கைத் திணித்துவிட வேண்டும். என்ன செய்தாலும் மறுநாள் அரிசியைக் களையும்போது அடியில் மணல் தங்கும். காலணியை உதறாமல் போடாதீர்கள், பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். தேளும் உண்டு, சுருட்டை விரியனும் உண்டு.

இட்லி மாவு அங்கே வேறு கணக்கு. மே மாதம் காலையில் ஆட்டினால் மதியத்துக்குள் பொங்கி வழிந்து புளித்துவிடும். ஜனவரியில் ராத்திரி முழுக்கக் கம்பளியில் சுற்றி வைத்தாலும் அசையாது. வடாம் மட்டும் ஒரே நாளில் காய்ந்துவிடும், அந்த ஒரு விஷயத்தில் அந்த ஊரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

நாளின் ஓட்டமே அங்கே வேறு மாதிரி. நாட்டின் மேற்குக் கோடி என்பதால் சூரியன் நம் ஊரை விட நன்றாகத் தாமதமாக எழுந்து தாமதமாக விழும். ஜூன் மாதம் ஏழே முக்காலுக்குக் கூட வெளிச்சம் இருக்கும். காலையில் ஜவான்களின் உடற்பயிற்சிக்கு பி.டி. விசில், அப்புறம் பள்ளி பஸ். மதியம் ஒரு ஈ காக்கை வெளியே இருக்காது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் ஸ்டேஷன் உயிர் பெறும். ஜவான்கள் வாலிபால் ஆடுவார்கள், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும், பெண்கள் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சங்ரி ஆய்வார்கள். சங்ரி என்றால் வன்னி மரத்துக் காய்தான். நம் சிவன் கோயில்களில் தல மரமாகச் சுற்றி வருகிறோமே, அதே மரம் அங்கே ரோட்டோரம் எங்கும் நிற்கும். அதன் காயை உலர்த்திக் கேர் என்ற இன்னொரு காயோடு சேர்த்துக் காரமாகச் சமைப்பார்கள். பக்கத்து வீட்டு ராஜஸ்தானிப் பெண்ணிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், இந்தியும் அங்கே இருந்தே தொடங்கிவிடும்.

பேச்சுத் துணை கேட்டீர்கள். எல்லாரும் எல்லாரையும் 'பாபிஜி', அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்கள், பெயர் தெரியவே மாதங்கள் ஆகும். மேல் வீட்டில் பிகார், கீழ் வீட்டில் கர்வால், எதிரில் மகாராஷ்டிரா. உங்களுக்கு இந்தி வராது என்பதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள், நீங்கள் வாயே திறக்காமல் இருந்தால்தான் 'பெரிய இடம் போல' என்று நினைப்பார்கள். தப்பும் தவறுமாகப் பேசுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் பையன் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவான்.

கணவர் எந்த யூனிட் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதாததே நல்லது. மெட்ராஸ் ரெஜிமெண்டோ மெட்ராஸ் சாப்பர்ஸோ என்றால் பாதி ஸ்டேஷன் நம் மொழி பேசும், லங்கரில், அதாவது யூனிட் சமையலறையில், இட்லி சாம்பாரும் வரும். கலப்பு யூனிட் என்றால் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் அந்தக் கொஞ்சமும் நீங்கள் போய் இறங்கிய ஒரு வாரத்துக்குள் உங்களைக் கண்டுபிடித்துவிடும், பால் வாங்கும் இடத்தில் குரல் கேட்டாலே போதும். மலையாளம், தெலுங்கு பேசுகிறவர்களும் அங்கே நம் ஆட்கள்தான்.

இந்தக் கூட்டத்தின் உயிர்நாடி லீவு முடிந்து திரும்புகிற தம்பிகள். யார் எந்தத் தேதியில் ரயில் ஏறுகிறார் என்பது கணவர்களுக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். நான்கு வீட்டுப் பட்டியல் அவருடைய வீட்டுக்குப் போகும். ஒரு வீட்டுக்குப் புளி, ஒரு வீட்டுக்கு ஃபில்டர் காபித்தூள், இன்னொன்றுக்குப் புழுங்கல் அரிசியும் கருப்பட்டியும், எல்லாருக்கும் செய்தித்தாளில் சுற்றிய கறிவேப்பிலை. கறிவேப்பிலை இரண்டு நாள் ரயிலில் பாதி கறுத்துத்தான் வரும், அதையும் பங்கு போடுவோம். பதிலுக்கு அந்தத் தம்பி கல்யாணம் ஆகாதவர் என்றால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஏதாவது ஒரு வீட்டில். இது எந்த உத்தரவிலும் இல்லாத ஏற்பாடு, ஆனால் எந்த உத்தரவையும் விட ஒழுங்காக நடக்கும்.

இனி ஃபேமிலி வெல்ஃபேர் மீட். ராணுவத்தினர் மனைவியர் நலச் சங்கம், அதாவது ஆவா, 1966ல் தொடங்கியது. அதன் கீழ் ஒவ்வொரு யூனிட்டிலும் பெண்களைக் கூட்டித் தையல், கம்ப்யூட்டர், அழகுக்கலை வகுப்புகள், மருத்துவர் பேச்சு, குழந்தைகள் போட்டி என்று நடத்துவார்கள். சிறப்புக் குழந்தைகளுக்கு ஆஷா பள்ளிகளும் ஆவா நடத்துகிறது. மீட்டுக்கு உடை இப்படி, நேரம் இப்படி என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கணவரின் ரேங்க் உங்கள் நாற்காலி வரைக்கும் வரும். முன்வரிசை சோபாவில் மேம்சாப்கள், அதாவது ஆபீசர்களின் மனைவியர், அடுத்து ஜே.சி.ஓ. (சுபேதார் மாதிரி இடைநிலை ரேங்க்) வீட்டுப் பெண்கள், அதற்குப் பின்னால் மற்றவர்கள். சட்டம் எதுவும் இல்லை, ஆனால் யாரும் மாற்றி உட்கார மாட்டார்கள். வருவது கட்டாயம் இல்லை என்பார்கள், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கணவரிடம் கேள்வி போகும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, வரவேற்பு நடனத்துக்கு ஒத்திகை பார்த்து, வேர்த்து விறுவிறுத்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டாளத்தில் சேர்ந்தது கணவர்தானே. ஆனாலும் உங்களைப் போகச் சொல்வேன். காரணம், தையல் வகுப்பு உண்மையிலேயே நல்ல வகுப்பு. அதை விட, குழந்தைக்கு நடு ராத்திரி காய்ச்சல் அடித்தால் யாருக்குப் போன் செய்வது என்பது அந்தக் கூட்டத்தில்தான் தெரியவரும். யூனிட் தலைவரான சி.ஓ.வுக்கு நல்ல மனைவி அமைந்தால் நிலைமையே வேறு. மைக்கை ஒதுக்கிவிட்டுப் பின்வரிசைக்கு வந்து உட்கார்ந்து, தண்ணீர் வருகிறதா, எம்.ஐ. ரூமில் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், மறுநாளே வேலை நடக்கும்.

இப்போது குளிர்காலம். எக்சர்சைஸ், அதாவது போர்ப் பயிற்சி, என்றால் மொத்த யூனிட்டும் கிளம்பிவிடும். டாங்கி, பீரங்கி, சமையல் வண்டி எல்லாம் போன பிறகு லைன் வெறிச்சோடி இருக்கும். போன் சிக்னல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஸ்டேஷனில் ஒரு சிறு கூட்டத்தை விட்டுப் போவார்கள், அதற்கு ரியர் பார்ட்டி என்று பெயர். அதில் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஜே.சி.ஓ. இருப்பார். கணவர் கிளம்பும் முன் அவருடைய எண்ணையும் எம்.ஐ. ரூம் எண்ணையும் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். கேஸ் சிலிண்டர், மருந்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். பெரிய சிகிச்சை என்றால் ஜோத்பூர் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், ஐந்தாறு மணி நேரப் பயணம். அப்படிப் போக நேர்ந்தால் இன்னொரு பிள்ளையை யாரிடம் விடுவது என்பதையும் ஒரு பாபிஜியிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் உங்களிடம் அதே உதவி தேவைப்படும். அந்த மாதங்களில் ராத்திரி 5, 6 டிகிரிக்கு இறங்கும். இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் ஒரே வீட்டில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளை வீட்டுப்பாடம் எழுத வைப்பது வழக்கம். பட்டாளத்துச் சிநேகிதம் பெரும்பாலும் உருவாகிற இடம் அதுதான்.

வேடிக்கை என்னவென்றால் கொண்டாட்டங்களும் அந்தக் காலத்தில்தான். டிசம்பர் 5 லோங்கேவாலா நாள், 16 வெற்றி நாள், ஜனவரி 26. நம் பொங்கல் சமயத்தில், ஜனவரி 15 ராணுவ தினம். 1949ல் அன்றைக்குத்தான் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அதனால் கணவர் ரேஞ்சில் இல்லாமல் ஸ்டேஷனில் இருந்தாலும் பொங்கல் நேரத்தில் அவரை எதிர்பார்க்காதீர்கள். நாங்கள் குவார்ட்டர்ஸ் பின்புறம் செங்கல் அடுக்கி, காத்துக் காத்து ஏழரை மணிக்கு மேல் சூரியனைப் பார்த்துத்தான் பொங்கல் வைப்போம். பஞ்சாபிகள் முதல் நாள் லோரி பண்டிகைக்குத் தீ மூட்டியிருப்பார்கள், அவர்கள் வேர்க்கடலையும் எள்ளுருண்டையும் நம் வீட்டுக்கு வரும், நம் சர்க்கரைப் பொங்கல் அங்கே போகும்.

படாகானா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ரெய்சிங் டே (யூனிட் தொடங்கிய நாள்), ஹோலி, தீபாவளி என்றால் யூனிட் மொத்தமும் ஒன்றாகச் சாப்பிடும் விருந்து. அன்றைக்கு ஆபீசர்கள் ஜவான்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பரிமாறவும் செய்வார்கள். கோயிலும் அப்படித்தான். சர்வ தர்ம ஸ்தல் என்று ஒரே கூரையின் கீழ் எல்லா மதத்துக்கும் இடம் இருக்கும். பண்டிட்ஜியே ஜே.சி.ஓ. ரேங்கில் இருப்பவர்தான். கிருஷ்ண ஜெயந்தி அங்கே நம் ஊரை விடப் பெரிதாக நடக்கும், நள்ளிரவு வரை பஜனை, அதற்கு மேல் பிரசாதம். பிள்ளைகள் தூங்கி விழுந்தாலும் கிளம்பாது.

பள்ளிக்குக் கவலை வேண்டாம். இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களின் பிள்ளைகளுக்காகத்தான் 1963ல் ரெஜிமெண்ட் பள்ளிகள் இருபதை எடுத்து கேந்திரிய வித்யாலயா தொடங்கினார்கள். ஜெய்சல்மரில் உண்டு. மாற்றலாகி வரும் ராணுவத்தினர் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை உண்டு. தமிழ் வழியில் படித்த பையன் என்றால் முதல் சில மாதம் இந்தி வகுப்பில் அழுவான், அதற்கு மட்டும் பொறுமை வேண்டும். தமிழை நீங்கள்தான் வீட்டில் எழுத வைக்க வேண்டும். பேசிக்கொண்டே இருந்தால் தானாக வந்துவிடும் என்று விட்டவர்கள் வீட்டில் இன்று பிள்ளைகள் பாட்டிக்கு ஒரு வரி எழுதத் தெரியாமல் இருக்கிறார்கள்.

யூனிட் வண்டியில் குடும்பங்களை வெளியே கூட்டிப் போவார்கள், ஒன்றையும் விடாதீர்கள். லோங்கேவாலா நூறு கிலோமீட்டருக்கு மேல். 1971 டிசம்பர் 4 ராத்திரி மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் 23 பஞ்சாபைச் சேர்ந்த ஒரே ஒரு கம்பெனி பாகிஸ்தான் டாங்கிப் படையைத் தடுத்து நின்ற இடம். விடிந்ததும் ஜெய்சல்மரில் இருந்து ஹண்டர் விமானங்கள் போய் டாங்கிகளை அடித்தன. அந்த மணலைப் பார்த்தால்தான் புரியும், ஒளிந்துகொள்ள ஒரு புதர் கூடக் கிடையாது. அங்கிருந்து தனோட் மாதா கோயில். எல்லைப் பாதுகாப்புப் படைதான் நிர்வாகம், பூசையும் அவர்களே. 1965 போரில் விழுந்து வெடிக்காதவை என்று குண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். வேண்டுதலுக்குக் கைக்குட்டை கட்டுவது வழக்கம், எங்கள் ஸ்டேஷன் பெண்கள் எல்லாரும் கட்டியவர்கள்தான். ஜோத்பூர் ரோட்டில் 2015ல் திறந்த போர் அருங்காட்சியகம் பையனுக்குப் பிடிக்கும். சம் மணல் மேட்டுக்குச் சுற்றுலாக்காரர்கள் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், இல்லையென்றால் மணலை விட ஒட்டகக்காரர்கள்தான் அதிகம் தெரிவார்கள்.

எல்லை பக்கம் என்ற பயம் சொந்தக்காரர்களுக்கு இருக்கும். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த மோதலில் ஜெய்சல்மர் ராத்திரி முழுக்க விளக்கணைத்து இருந்தது, டிரோன்களை வானத்திலேயே சுட்டார்கள். 2001 டிசம்பரில் தொடங்கிய ஆபரேஷன் பராக்ரமில் பத்து மாதம் படை எல்லையில் நின்றது. அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யூனிட்டே சொல்லும், அதை மட்டும் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வருவதை அல்ல. தினசரி கவனிக்க வேண்டியது வேறு: போட்டோ. பின்னால் வண்டியோ, கேட்டோ, யூனிட் போர்டோ தெரிய ஒரு படமும் போடாதீர்கள். "இவர் எக்சர்சைஸ் போயிருக்கிறார்" என்று ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். முன்பின் தெரியாத பெண் பெயரில் நட்பு அழைப்பு வந்து அன்பாகப் பேச ஆரம்பித்தால் உடனே கணவரிடம் சொல்லுங்கள். அந்தப் பகுதியில் உளவு வழக்குகளில் கைது நடப்பது புதிய செய்தி இல்லை.

கிளம்பும் முன் காகிதம். பிள்ளைகள் இருவர் பெயரும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது கணவரின் ராணுவப் பதிவில், ஏறிவிட்டதா என்று கேளுங்கள். ஏறாவிட்டால் டிபென்டன்ட் கார்டு கிடையாது, மிலிட்டரி ஆஸ்பத்திரியிலும் சிக்கல். பையனின் டி.சி., ஆதார், தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். குவார்ட்டர்ஸை உங்களிடம் ஒப்படைக்கும்போது ஒரு பட்டியலில் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரப்படாதீர்கள். ஃபேன் ரெகுலேட்டர், ஜன்னல் கண்ணாடி, கீசர், தாழ்ப்பாள், பல்பு ஹோல்டர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, உடைந்ததை அங்கேயே எழுத வையுங்கள். இல்லாவிட்டால் காலி செய்யும்போது பேரக் டேமேஜ் என்று முந்தைய குடும்பம் உடைத்ததற்கு உங்கள் கணவர் பணம் கட்டுவார்.

சாமானில் டேபிள் டாப் கிரைண்டர், இட்லிச் சட்டி, கம்பளி இந்த மூன்றும் கட்டாயம். சோபா, கட்டில் வேண்டாம், மூன்று வருடத்தில் மறுபடி கட்ட வேண்டும். எல்லாம் கருப்பு டிரங்குப் பெட்டியில் போகட்டும், பெயிண்டில் பெயர் எழுதி. மன்னார்குடியில் இருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி ஸ்டேஷனுக்கு வாராந்திர ரயில் ஒன்று உண்டு, அங்கிருந்து ஜெய்சல்மர் ரயில் மாற வேண்டும். பையனின் பரீட்சை முடிந்த கையோடு கிளம்புங்கள். கேந்திரிய வித்யாலயாவில் ஏப்ரலில் வகுப்பு தொடங்கிவிடும், வெயிலும் அப்போதுதான் ஏற ஆரம்பிக்கும், உடம்பு பழகிக்கொள்ளும். மே மாதம் போய் நேராக இறங்காதீர்கள், அந்த மாதம் பாதிக் குடும்பங்கள் லீவில் ஊருக்கு வந்துவிடும், பேச்சுத் துணைக்கு நீங்கள் கேட்ட ஆள் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.